ஜிபிஎல்-ஐ மீறலையாம்!

கோலாலம்பூர் மாமாக் கடையில நாலு சிஸ்டம் அட்மின் உட்கார்ந்தா, தே தாரிக் ஆறுறதுக்குள்ள ஒருத்தர் சொல்லிடுவார்: "அதான் செண்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் இருக்கே, ரெட் ஹாட் சோர்ஸ் எல்லாம் அங்கதானே கிடக்கு?"

ரெட் ஹாட், லினக்ஸைச் சந்தாவுக்கு விக்கிற கம்பெனி. சோர்ஸ்னா அதோட மூல நிரல். செண்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம், அவங்க எல்லாருக்கும் இலவசமா திறந்து வெச்சிருக்கிற முன்னோட்டப் பதிப்பு. எல்லாம் அங்க கிடக்குதா? இல்லைங்க! ஸ்ட்ரீம் 8-ஐ 2024 மே 31-ஓட மூடியாச்சு. ஆனா அதோட ஜோடியான, சந்தாவுக்கு விக்கிற ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-க்கு 2029 மே வரைக்கும் திருத்தம் வரும். இடையில இருக்கிற 5 வருஷத்துச் சோர்ஸ் எந்த ஸ்ட்ரீம்ல ஓடுதாம்? முன்னாடி செண்ட்ஓஎஸ் கிட்-ங்கிற பொதுத் தளத்துல அந்தச் சோர்ஸை யாரும் எடுத்துக்கலாம். 2023 ஜூன் 21-ல "இனி பொதுவுக்கு ஸ்ட்ரீம் மட்டும்தான்"னு அறிவிச்சு அதையும் நிறுத்திட்டாங்க.

ஸ்ட்ரீம் 9 உயிரோட இருக்கு, சரி. ஆனா அது ரெட் ஹாட் 9-ல அடுத்து வரப்போற பதிப்பு. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை சர்வர்ல இன்னைக்கு ஓடுறது அது இல்ல. ரெண்டுலயும் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) 5.14.0-ன்னுதான் காட்டும், ஹைஃபனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எண்ணுலதான் சங்கதியே. ஸ்ட்ரீம்ல கம்பைல் பண்ணின டிரைவர், மாத்தமாட்டோம்னு ரெட் ஹாட் உத்தரவாதம் தர்ற பட்டியல்ல இல்லாத சிம்பல் (கெர்னல் ஃபங்ஷனோட பேர்) ஒண்ணைத் தொட்டிருந்தா, தொழிற்சாலை சர்வர்ல லோட் ஆகாம முரண்டு பிடிக்கலாம்.

இதுல லைசென்ஸ் மீறல் இல்லையாம். ஜிபிஎல்-ங்கிறது லினக்ஸ் கெர்னலோட பொது உரிமம். அதோட 2-ஆம் பதிப்பு, 6-ஆவது பிரிவு: வாங்கினவரோட உரிமைக்கு மேற்கொண்டு தடை போடக்கூடாது. ரெட் ஹாட் தடை போடலையாம்; சோர்ஸைப் பகிர்ந்தா சந்தாவை வெட்டலாம்னு மட்டும் ஒப்பந்தத்துல எழுதி வெச்சிருக்காங்க. "வயிறாரச் சாப்பிடு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா நாளைக்கு இந்தப் பக்கம் வராதே"ங்கிற பந்தி இது. தனிநபருக்கு 16 மெஷின் வரைக்கும் இலவசச் சந்தா உண்டு. அதுவும் சந்தாதானே!

ரெட் ஹாட்டை நகலெடுத்து இலவசமா தர்ற ராக்கி லினக்ஸ்காரங்க கன்டெய்னர் இமேஜ்லயும் மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷின்லயும் சோர்ஸ் பொறுக்குறாங்க. அதே வேலை பார்த்த ஆல்மாலினக்ஸ் 'அச்சு அசல் நகல்'ங்கிற இலக்கையே கைவிட்டுடுச்சு. ஆரக்கிள், சூசே, சிஐக்யூ மூணு கம்பெனியும் சேர்ந்து, சோர்ஸைப் பொதுவுல வைக்க ஓப்பன்ஈஎல்ஏ-ங்கிற சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆரக்கிள் திறந்த மூலத்துக்குக் கொடி பிடிக்கிறதையும் பார்த்தாச்சு.

சந்தா இருக்கும்போதே, ஓடிட்டிருக்கிற கெர்னலோட அதே எண்ணுக்கு சோர்ஸ் ஆர்பிஎம்-ஐ (சோர்ஸ் அடங்கின பொட்டலம்) இறக்கி வெச்சுக்குங்க. சோர்ஸ் ரெப்போ (பொட்டலக் கிடங்கு) தானா திறந்திருக்காது, நீங்கதான் திறக்கணும். கோட்ரெடி பில்டர் ரெப்போவையும் சேர்த்துத் திறங்க, இல்லேன்னா பில்டுக்குத் தேவையான துணைப் பொட்டலம் கிடைக்காம முட்டி நிக்கும். பிரிச்சதும் கெர்னல் பேட்ச் தனித்தனியா இருக்கும்னு தேடாதீங்க. 2010-லேர்ந்து எல்லாத்தையும் கலந்துகட்டி ஒரே டார்பாலாத்தான் (ஒரே கட்டாத்தான்) தர்றாங்க. எந்த வரி எந்த ஓட்டையை அடைக்குதுன்னு சேஞ்ச்லாக்கை (மாற்றக் குறிப்பை) வெச்சு ஊகிச்சுக்க வேண்டியதுதான்.