அப்பாவுக்கு அறிவுரை வேண்டாம், போனை வாங்கி செட்டிங்ஸை மாற்றிக் கொடுங்கள்

வங்கி வாசலில், காவல் நிலையச் சுவரில், எஃப்எம் விளம்பரத்தில், எங்கே திரும்பினாலும் ஒரே வாசகம்: ஓடிபி யாரிடமும் சொல்லாதீர்கள், எச்சரிக்கையாக இருங்கள். வருடக்கணக்கில் கேட்டுச் சலித்துவிட்டது. பணம் என்னவோ போய்க்கொண்டேதான் இருக்கிறது.

காரணம் என்று எனக்குப் படுவது இது. மோசடிக்காரனும் எச்சரிக்கையில்தான் ஆரம்பிக்கிறான். "சார், உங்க அக்கவுண்ட்ல சந்தேகப்படுற மாதிரி ஒரு டிரான்ஸாக்‌ஷன் நடந்திருக்கு, உடனே பிளாக் பண்ணலைன்னா மொத்தமும் போயிடும்." ஏற்கெனவே பயமுறுத்தி வைக்கப்பட்ட மனிதர் இதை நம்பாமல் என்ன செய்வார்? நாம் விதைத்த பயத்தை அவன் அறுவடை செய்கிறான். டிஜிட்டல் விழிப்புணர்வு என்ற பெயரில் பயத்தை வளர்ப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலாக, தவறான பொத்தானை அழுத்தினாலும் பெரிதாக எதுவும் போகாதபடி போனையும் அக்கவுண்டையும் அமைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைதான்.

முதலில் யுபிஐ பின். 2016-ல் வந்த யுபிஐ இன்று இளநீர்க் கடை வரை வந்துவிட்டது. ஆனாலும் பணம் வாங்கப் பின் தேவையில்லை என்பது பலர் மனதில் பதியவில்லை. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: பேலன்ஸ் பார்ப்பதற்கும் இதே பின்னைத்தான் ஆப் கேட்கிறது. அதனால் 'பின் என்றால் ஏதோ உறுதி செய்வது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சொல்ல வேண்டியது இதுதான்: பின் கேட்கும் பக்கத்தில் எண்களைத் தொடும் முன் மேலே பாருங்கள். யாருக்கு, எவ்வளவு என்று அங்கே எழுதியிருக்கும். தொகை தெரிந்தால் அது உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிற பணம். வருகிற பணத்துக்கு அந்தப் பக்கமே திறக்காது.

தனிநபர் இன்னொரு தனிநபரிடம் யுபிஐயில் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. அந்த வழி அடைபட்டாலும் மோசடிக்காரர்களுக்கு கியூஆர் வழி இருக்கிறது. பழைய சோபாவையோ சைக்கிளையோ ஆன்லைனில் விற்கப் போடுகிறவரிடம், "ஸ்கேன் பண்ணுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்று ஒரு படம் வரும். ஸ்கேன் செய்கிறவர் எப்போதும் பணம் கொடுக்கிறவர். காய்கறிக் கடையில் தினமும் செய்வதும் அதுதானே.

"தெரியாம உங்களுக்கு 5,000 அனுப்பிட்டேன் அண்ணா, திருப்பிப் போடுங்க" என்பது இன்னொரு ரகம். பணம் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ்ஸும் கூடவே இருக்கும். அந்த எஸ்எம்எஸ் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் பொய். வங்கியின் செய்தி எழுத்துகளால் ஆன அனுப்புநர் பெயரில் வரும். 2025 மே மாதத்திலிருந்து அதன் கடைசியில் சிறு கோடு போட்டு ஓர் எழுத்தும் சேர்ந்துவிட்டது, பரிவர்த்தனைக்கு டி (T), சேவைக்கு எஸ் (S), விளம்பரத்துக்கு பி (P), அரசுக்கு ஜி (G). ஆனால் இதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பாஸ்புக்கையோ ஆப்பில் பேலன்ஸையோ பார்த்தால் முடிந்தது. நிஜமாகவே பணம் வந்திருந்தால்? நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். "உங்க பேங்க்ல கம்ப்ளெய்ன்ட் கொடுங்க, அவங்க மூலமா வரட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருந்தால், இடையில் கைமாற்றிவிட்டதாக உங்கள் பெயரும் விசாரணையில் வரும்.

இப்போது முக்கியமான விஷயம், ஏபிகே. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி, "இன்று இரவு 9.30-க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று எந்த வேடத்தில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்து விழும் கோப்பின் பெயர் முடிவில் 'ஏபிகே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நிறுவக்கூடிய ஒரு முழு ஆப். டவுன்லோடு ஆனதாலேயே எதுவும் நடந்துவிடாது. நடப்பது அதற்குப் பிறகு வரும் திரைகளில். அவற்றை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம்.

கோப்பைத் தொட்டதும், 'பாதுகாப்புக்காக, இந்த இடத்திலிருந்து வரும் தெரியாத ஆப்களை நிறுவ உங்கள் போனுக்கு அனுமதியில்லை' என்கிற மாதிரி ஒரு பெட்டி வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: கேன்சல், செட்டிங்ஸ். லைனில் இருப்பவன் செட்டிங்ஸை அழுத்தச் சொல்வான். அடுத்த திரையில் ஒரு சுவிட்ச், அதை ஆன் செய்யச் சொல்வான். பிறகு இன்ஸ்டால். இடையில் ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட் குறுக்கே வந்து தடுத்தால், "மோர் டீடெய்ல்ஸ் போய் இன்ஸ்டால் எனிவே குடுங்கம்மா, புது ஆப்ங்கறதால அப்படித்தான் காட்டும்" என்பான். கடைசியாக, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதற்கு 'அலோ' கொடுத்த கணத்திலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவனுக்கும் போகிறது. நீங்கள் வாய் திறந்து யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சுவரொட்டி வாசகம் தோற்கும் இடம் இதுதான்.

ஆக, போன் வழி நெடுகத் தடுத்துப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் தடுப்பதால் பாதிப்பேருக்கு அது கேட்பதில்லை. அம்மாவின் போன் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். பரவாயில்லை, 'ரத்துசெய்' என்ற பொத்தான் புரிந்தால் போதும்.

செட்டிங்ஸில் செய்ய வேண்டியது: ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ். சில போன்களில் இது செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'அன்னோன்' என்று தட்டினால் வந்துவிடும். வாட்ஸ்அப், குரோம், டெலிகிராம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று இருக்க வேண்டும். அப்படியே ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குள் போய், எந்தெந்த ஆப்புக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்கான வசதி அது. திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகத் தொடவும் அதனால் முடியும். அங்கே தெரியாத பெயர் ஒன்று ஆனில் இருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். எனி டெஸ்க் போலத் திரையைப் பகிரும் ஆப்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் இருக்கக் காரணமே இல்லை.

ஏபிகேயை ஏற்கெனவே நிறுவிவிட்டால், முதலில் ஏரோபிளேன் மோட், வைஃபையும் சேர்த்து ஆஃப். திருட்டு ஆப் தன் ஐகானை மறைத்துக்கொள்ளும், ஆனால் செட்டிங்ஸின் ஆப் பட்டியலில் பெரும்பாலும் தெரியும். அன்இன்ஸ்டால் ஆக மறுத்தால் டிவைஸ் அட்மின் பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவது, வங்கியை அழைப்பது எல்லாம் இன்னொரு போனிலிருந்து. படங்களைக் காப்பாற்றிக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுவதுதான் நிம்மதி.

வாட்ஸ்அப்பில் இரண்டே வேலை. அக்கவுண்ட் பகுதியில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து ஆறு இலக்கப் பின் வைப்பது ஒன்று. வாட்ஸ்அப் தன் சரிபார்ப்பு எண்ணை எஸ்எம்எஸ்ஸில் மட்டுமல்லாமல் குரல் அழைப்பிலும் சொல்லும். கூரியர்காரன் போலப் பேசி, நட்சத்திரக் குறியில் தொடங்கி அவன் எண்ணில் முடியும் ஒன்றை டயல் செய்யச் சொல்வது, உங்கள் அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்பதற்காக. பின் இருந்தால் அந்த எண் மட்டும் கிடைத்து அவனுக்குப் பயனில்லை. லிங்க்டு டிவைசஸைத் திறந்து தெரியாத கணினி எதுவும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது.

சிம்முக்கும் பின் உண்டு, யாரும் போடுவதில்லை. போன் திருடு போனால் திரைப் பூட்டு இருக்கிறதே என்று நினைக்கிறோம். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொண்டால் ஓடிபி அங்கே வரும். சிம் பின் இருந்தால் வராது. போடும்போது ஒரு கவனம்: மூன்று முறை தவறாக அடித்தால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மே செத்துவிடும். ஆரம்பப் பின் எண்ணை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், ஊகித்து அடிக்க வேண்டாம்.

இத்தனைக்கும் மேலான ஒன்று, காசு செலவில்லாதது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு: யுபிஐக்குத் தனி அக்கவுண்ட். பென்ஷனும் சேமிப்பும் இருக்கும் கணக்கை ஜிபேயிலோ போன்பேயிலோ இணைக்கவே கூடாது. மாதச் செலவுக்கான ஐயாயிரமோ பத்தாயிரமோ மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கை இணைத்துவிட்டால், போனாலும் அவ்வளவுதான் போகும். சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் இருக்கிறது, 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம். அதில் செலவு செய்ய யுபிஐ பின் கேட்காது என்பதால் குறைவாகவே வையுங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் ஆன்லைன் பரிவர்த்தனையும் ஆனில் இருந்தால் வங்கி ஆப்பில் ஆஃப் செய்துவிடலாம்.

ஆதார் கைரேகையைப் பூட்டி வையுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான். அடுத்த மாதம் ரேஷன் கடையில் அம்மா விரலை வைத்துவிட்டு மெஷின் ஏற்காமல் திரும்பி வருவார் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஆதாரின் அதிகாரபூர்வ ஆப்பில் தற்காலிகமாகத் திறந்துவிட வழி இருக்கிறது. அதை வீட்டில் யார் செய்வது என்று முடிவு செய்துவிட்டுப் பூட்டுங்கள்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிடலாம், எந்தக் குற்றமும் ஆகாது.

பணம் போய்விட்டால் 1930. இதை உறவினரிடம் புலம்புவதற்கு முன் செய்ய வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை, நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்து கடைசியில் ஏடிஎம்மில் வெளியே வந்துவிடும். அதற்குள் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே நிறுத்தி வைப்பதுதான் 1930 செய்யும் வேலை. அழைக்கும்போது வங்கிப் பெயர், கணக்கு எண், போன தொகை, நேரம், அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண் கையில் இருக்கட்டும். யுடிஆர் ஆப்பின் ஹிஸ்டரியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். பிறகு தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். வங்கியின் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கத்தில் இருப்பதே சரியான எண். தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' பலருக்கு இரண்டாவது மோசடியாக முடிந்திருக்கிறது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அந்தச் சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், இழப்பு உங்களுடையதல்ல. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு; தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் எப்போது தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். போனில் பேசியதோடு விடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள், கிளையில் மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

பெரியவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கல்லூரிப் பையன்கள் பக்கம் வேறு கதை. ஓரிரு ஆயிரம் கமிஷனுக்கு, புதிதாகத் திறந்த கணக்கின் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் யாரோ ஒரு 'அண்ணனிடம்' கொடுத்துவிடுகிறார்கள். கேமிங் பணம், கிரிப்டோ பணம், வரிக்காக என்று ஏதோ காரணம் சொல்லப்படும். மேலே சொன்ன நான்கைந்து கணக்குகள் இவைதான். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் முதலில் போய் நிற்பது கேஒய்சியில் இருக்கும் பெயரின் வீட்டில். 'எனக்குத் தெரியாது' என்பது அங்கே எளிதில் எடுபடாது. முன்பின் தெரியாத வழக்கில், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அலைய நேரிடும்.

அப்படிக் கொடுத்துவிட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இன்றே கிளைக்குப் போய்க் கணக்கை முடக்க எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சிம் நிறுவனத்தில் அந்த எண்ணைத் துண்டியுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் பெயரில் வேறு எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, அவனுடையது அல்லாததைப் புகார் செய்யுங்கள். அதன் பிறகு ஒரு வழக்கறிஞரோடு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நீங்களாகப் போவது, அவர்கள் தேடி வருவதைவிட எவ்வளவோ மேல்.