பின்கதவின் சாவி யாரிடம் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்தின் பூட்டிக் கிடந்த பின்கதவைப் படம் எடுத்து இந்தப் பக்கத்தில் போட்டேன். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதற்குக் கீழே நடந்த சண்டையையும் பார்த்துவிட்டீர்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது இதைவிட மோசம். "நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பூட்டைப் படம் எடுக்கிறவளை என்ன சொல்வது?" என்று ஒருவர். "மண்டபக்காரர் பிழைப்பில் மண் போடுகிறாள்" என்று இன்னொருவர். நேற்றிரவு அத்தை தொலைபேசியில் அழுதார். "படத்தை எடுத்துவிடு, சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

படத்தில் இருப்பது இவ்வளவுதான். மண்டபத்தின் முதல் மாடி ஹாலிலிருந்து பின்பக்கமாக இறங்கும் படிக்கட்டு. அது முடியும் இடத்தில் இரும்புக் கிரில் கதவு. கதவில் பூட்டு. படிகளில் பாதி அகலத்துக்கு அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையற்கட்டு, வரிசையாக கேஸ் சிலிண்டர்கள். மேலே ஹாலில் அந்த நேரத்தில் 600 பேருக்குக் குறையாமல் இருந்தோம். கீழே வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டங்களுக்குள் மண்டபத்தின் உரிமங்கள் மாட்டியிருந்தன. கிட்டே போய்ப் படித்தேன். தீயணைப்புத் துறையின் சான்று இருந்தது. தேதியும் முடியவில்லை.

அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. சான்று இல்லாத மண்டபமாக இருந்தால் ஒருவேளை இவ்வளவு வந்திருக்காது.

நான் அங்கே கேட்டது ஒரே கேள்வி. இந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? காவலாளியிடம் என்றார்கள். அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாப்பிட்டதில் தவறே இல்லை. விடியற்காலை நான்கு மணியிலிருந்து வண்டிகளை ஒழுங்குபடுத்திய மனிதர் அவர். அவரைக் கண்டுபிடித்து, அவர் கை கழுவி வந்து, கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, "இந்தப் பூட்டின் சாவி மேலாளரிடம் இருக்கிறது அம்மா" என்று சொன்னபோது 11 நிமிடம் ஆகியிருந்தது. மேலாளர் வீட்டுக்குப் போயிருந்தார்.

11 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காவது பகுதி முழுவதும் தீப்பாதுகாப்பு பற்றியது. அவசர வழிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் சாவி இல்லாமலே அதைத் திறக்க முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. புகை சூழ்ந்த இருட்டில் ஒருவர் கதவைத் தள்ளுகிறார். பின்னால் நூறு பேர் அவரை நெருக்குகிறார்கள். அந்த நேரத்தில் பூட்டைப் பற்றி யார் யோசிப்பது?

எனக்கு ஏன் இந்தப் பின்கதவுப் பித்து என்று கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

2004 ஜனவரி 23. தை மாத வெள்ளிக்கிழமை, நல்ல முகூர்த்தம். உறையூரில் என் சித்தி மகள் கல்யாணம். தாலி கட்டி முடிந்து இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது: ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் தீப்பிடித்துவிட்டது. மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு முகூர்த்தம் நடத்தியிருந்தார்கள். மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காவிரிக்கு அந்தக் கரையில், எங்களைப் போலவே பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, அதே முகூர்த்தத்துக்கு வந்தவர்கள்.

அப்பா இலையிலிருந்து எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய், வீடியோக்காரரின் விளக்கை அணைக்கச் சொன்னார். தரையில் கிடந்த ஒட்டுப்போட்ட மின்கம்பியைச் சுருட்ட வைத்தார். பிறகு மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி, பின்பக்கக் கதவைத் தேடித் திறந்து, திரும்ப மூடிக்கொள்ளாதபடி ஒரு அண்டாவை முட்டுக் கொடுத்து வைத்தார். சித்தப்பாவுக்குக் கோபம். "கல்யாண வீட்டில் இதெல்லாம் எதற்கு அண்ணா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும், சந்தனம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் பின்கதவைப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவார். என் கல்யாணத்திலும் அப்படித்தான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செய்ததும் அதுதான்.

ஸ்ரீரங்கம் நடந்த ஆறாவது மாதம், அதே 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். சமையல் அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள். அந்த எண்ணை எழுதும்போது இன்றும் கை நிற்கிறது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொன்னார்கள், அகற்றினார்கள். ஆக, அரசு நினைத்தால் ஒரு விதியை ஊர் ஊராக நடைமுறைப்படுத்த முடியும். அதை நாமே கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த உறுதி கூரையோடு நின்றுவிட்டது, கதவு வரைக்கும் வரவில்லை.

கூரை வெளியிலிருந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கதவைப் பூட்டினால் வெளியே யாருக்கும் தெரியாது. அதுவும் கூட்டம் கூடுகிற அன்றைக்குத்தான் பூட்டுவார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் வேலை நாளில் வருகிறார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயில் கல்யாணம் ஏது? ஹால் காலி. படிகள் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருக்கும். சிவப்புத் தீயணைப்பான்கள் ஆணியில் தொங்கும். கதவு திறந்திருக்கும். பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். அன்று அந்த மண்டபம் பாதுகாப்பானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 600 பேர் இருக்கும்போது அது வேறு கட்டடம்.

முகூர்த்த நாளில் வாருங்கள் என்கிறேன். என் கோரிக்கை அவ்வளவுதான். முன்கூட்டிச் சொல்லாமல், முகூர்த்த நாளில், பந்தி நடக்கும் நேரத்தில் வாருங்கள்.

"தீயணைப்புத் துறையில் ஆள் எங்கே இருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. தீயணைப்பு வீரர்கள் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது. நாம் எல்லோரும் வெளியே ஓடும்போது உள்ளே போகிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு பொதுக் கட்டடத்தில் கை வைக்க வேண்டிய துறை அது ஒன்றுதானா? வரைபட அனுமதி உள்ளாட்சியிடம். கட்டட உறுதிச் சான்று பொறியாளரிடம். பொதுக் கட்டட உரிமம் தாசில்தாரிடம். அதற்கான சட்டம் 1965-லிருந்தே இருக்கிறது. இத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவர்களெல்லாம் கல்யாணத்துக்கே போகாதவர்களா? அன்று என் வரிசையில் சாப்பிட்டவர்களிலேயே மூன்று பேர் அரசு அலுவலர்கள், எனக்குத் தெரிந்தவர்கள். படம் எடுத்ததும் அவர்களிடம் காட்டினேன். ஒருவர், "எல்லா மண்டபத்திலும் இப்படித்தான் மேடம்" என்றார். ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"கதவைத் திறந்து போட்டால் திருடன் வருவான்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ் கடையில் கிடைக்கிறது. திரையரங்குகளில் பார்த்திருப்பீர்கள். மேடை அலங்காரத்துக்குப் பூவும் தெர்மாகோலும் துணியுமாகக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி போதும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"அனுமதி, சான்று என்றாலே லஞ்சம்தான், நீ இன்னும் கெடுபிடி கேட்கிறாய்" என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் அந்த வலி தெரியும். நாங்கள் வீடு கட்டியபோது, பக்கவாட்டில் விட வேண்டிய இடம் அரை அடி குறைகிறது என்று ஒரு அலுவலகம் எங்களை நான்கு மாதம் அலைய வைத்தது. டேப்பைப் பிடித்து ஜன்னல் மேல் இருக்கும் சன்ஷேடு வரை அளந்தார்கள். கணவர் விடுப்பு எடுத்து எடுத்து, சம்பளம் இழந்து, கடைசியில் கட்டிய சன்ஷேடை இடித்தோம். விதி விதிதான் என்று இடித்தோம். நாலு பேர் குடியிருக்கும் வீட்டின் அரை அடியைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, அறுநூறு பேர் கூடும் மண்டபத்தின் பூட்டு தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். சிறிய வீடுகளுக்குக் கெடுபிடியைக் குறையுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். 2024-இல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்தது, அதாவது விதிப்படிதான் கட்டுகிறோம் என்று உரிமையாளரே சான்று கொடுத்து அனுமதி வாங்கலாம். வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி. அப்படி மிச்சமாகும் நேரத்தில் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு மண்டபங்களுக்குப் போகலாமே.

பெரிய கட்டடம் கட்டுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறது. விதியை மீறிக் கட்டு, கட்டணம் செலுத்து, வரன்முறைப்படுத்திக்கொள். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்கு ஒரு திட்டம். பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு திட்டம். கட்டணம் கட்டினால் கட்டடம் சட்டப்படி சரியாகிவிடும். படிக்கட்டு அகலமாகிவிடுமா? தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வந்துவிடுமா? 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்ததையும், கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்ததையும் எல்லாத் தொலைக்காட்சிகளும் காட்டின. பண்டிகை நாளின் நடுப்பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில், தீயணைப்புச் சான்றே இல்லாமல் நடந்துகொண்டிருந்த விளையாட்டு அரங்கில் 27 பேர் செத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நம் திண்டுக்கல்லில், தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ விபத்து. இறந்த 6 பேர் லிஃப்டுக்குள் சிக்கிப் புகையில் மூச்சுத் திணறியவர்கள். தீ அவர்களைத் தொடவே இல்லை. வெளியேற வழி கிடைக்காமல்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு நிதானம் தவறுகிறது என்று தெரிகிறது. தவறட்டும்.

மண்டபக்காரர் நல்லவர் என்கிறீர்கள். ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு வாடகையே வாங்கமாட்டார் என்கிறீர்கள். நானும் நம்புகிறேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக நான் எழுதவில்லை. மண்டபத்தின் பெயரைக்கூடப் போடவில்லை. நீங்கள்தான் கீழே வந்து பெயரைச் சொன்னீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அன்று வாடகையில்லாமல் கல்யாணம் செய்துகொள்ளும் அந்த ஏழைப் பெண்ணும் அதே மாடியில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னாலும் அதே பூட்டுத்தான்.

ஒரு கருத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எழுதியவர் உறவுக்காரர், பிறகு அழித்துவிட்டார், ஆனால் நான் படித்துவிட்டேன். "இவளை முன்வரிசையில் உட்கார வைத்ததே தப்பு." கணவர் போன பிறகு இதை ஜாடையாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். எழுத்தில் பார்ப்பது முதல் முறை. நான் படம் எடுத்தது அபசகுனம், பூட்டு சகுனமா? மேடைக்கு அருகில் ஓடி விளையாடிய குழந்தைகளை எண்ணினேன், பதினேழு பேர். கல்யாணப் பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த ஹாலில் என்னைவிட அதிகம் வேண்டியவர் அவள் அம்மா ஒருவர்தான்.

அத்தை, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களை அழ வைத்ததற்கு மன்னியுங்கள். படத்தை எடுக்க மாட்டேன்.

வரும் 12-ஆம் தேதி அதே மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். எங்கள் தெருப் பையன்தான் மாப்பிள்ளை. எனக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். முதலில் பின்பக்கம் போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். திறந்தால் அந்தப் படத்தையும் இதே பக்கத்தில், மண்டபத்தின் பெயரோடு, நன்றி சொல்லிப் போடுகிறேன். திறக்காவிட்டால், மேலாளர் வீட்டுக்குப் போகும் முன் அவரிடம் சாவியை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொள்வேன்.