கடை நம்பரைப் போட்டு எழுது தம்பி

எங்கள் ஊர்க் கிராம சபைக்கு வழக்கமாக நூறுநாள் வேலை அட்டைக்காரர்கள்தான் வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்டோபர் 2 அன்று பந்தலில் உட்கார இடமில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து மதுக்கடையை எடுக்கச் சொல்லித் தீர்மானம். "பொதுவா மதுவிலக்குன்னு எழுதிக்கலாமே" என்று இழுத்தார் ஊராட்சிச் செயலர். "கடை நம்பரைப் போட்டு எழுது தம்பி" என்று பின்னாலிருந்து ஒரு அத்தை குரல் கொடுத்தார். எழுதினார். கையெழுத்துத் தெரியாதவர்கள் மைப்பெட்டியைக் கைமாற்றி ரேகை வைத்தார்கள். சாயங்காலமானால் அதே கடை வாசலில் நிற்கிற என் மாமாவின் ரேகையும் அதில் உண்டு.

கடை அங்கேயேதான் இருக்கிறது. 2003 மதுக்கடை விதிகளின்படி கடை எங்கே என்று முடிவு செய்வது கலெக்டர். கிராமத்தில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். டேப் வைத்து அளந்து காட்டிவிட்டுப் போனார்கள். 100 மீட்டருக்கு மேல் நாலடிதான் இருந்தது.

எம்.எல்.ஏ.விடம் போனோம். "எனக்கும் பிடிக்கலைம்மா, வீட்டுல எங்கம்மாவே திட்டுது" என்றார். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சட்டசபையில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பணம் கேட்கும் ஓட்டெடுப்பு, வரும் நாளில் (கோரிக்கையின் பெயரில் மதுவிலக்குதான் முதலில் வருகிறது, கவனியுங்கள்) கட்சி சொல்கிற பக்கம்தான் அவர் ஓட்டு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடுகிற உத்தரவை மீறினால் பதவியே போகலாம். விலைபோகிறவர்களைப் பிடிக்க விரித்த வலையில் ஊருக்காகப் பேச நினைக்கிறவரும் மாட்டிக்கொள்கிறார்.

2016 தேர்தலில் தி.மு.க. மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக மதுவிலக்கு என்றது. ஜெயலலிதா 500 கடைகளை மூடினார். 2017இல் எடப்பாடி பழனிசாமி 500. 2023இல் தி.மு.க. அரசும் 500. ஆட்சி மாறினாலும் அந்த எண் மாறவில்லை! மது வருமானம் மட்டும் 2023-24இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. எந்த நிதியமைச்சர் அதைக் கைவிடுவார்?

சரி, முழு மதுவிலக்கா கேட்கிறாய் என்றால், இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். எங்கள் ஊரில் கடை எங்கே இருக்கலாம், இருக்கலாமா என்பதில் கிராம சபைத் தீர்மானம் கலெக்டரைக் கட்டுப்படுத்த வேண்டும். அப்படி விதியைத் திருத்தினால் கஜானா ஒன்றும் காலியாகிவிடாது.

போன வாரம் தீர்மான நகலை எம்.எல்.ஏ.விடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச வாய்ப்புக் கிடைத்தால் இதை அப்படியே வாசியுங்கள், ஓட்டை வேண்டுமானால் கட்சிக்கே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கடை நம்பர் இருக்கிற வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்பரை மட்டும் விட்டுட்டு வாசிக்கலாமா?" என்று கேட்டார்.