தண்டை நறுக்கிப் பாருங்கள்

கிழங்கிலிருந்து பூக்கும் அமரில்லிஸ் செடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் அமரில்லிஸ் என்று போட்டிருக்கும் படம், அதைப் போலவே பூக்கும் வேறு செடியான ஹிப்பியாஸ்ட்ரம் மாதிரி இருக்கிறதே! நர்சரியில் நமக்குக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான், பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். அசல் அமரில்லிஸ் பெல்லடோனா தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்காரர், இலையில்லாமல் பூப்பவர். பூ வாடியதும் தண்டை நறுக்கிப் பாருங்கள்: உள்ளே குழலாக இருந்தால் ஹிப்பியாஸ்ட்ரம், கெட்டியாக இருந்தால் பெல்லடோனா.

பூக்க வைக்கக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் கட்டுரையின் யோசனை மதுரைக்குத் தேவையில்லை. எங்கள் வீட்டில் ஹிப்பியாஸ்ட்ரத்தின் ஆரஞ்சுச் சிவப்பு ரகம் சித்திரை வெயிலில் தானே பூக்கிறது. கிழங்கின் கழுத்து மட்டும் மண்ணுக்கு மேலே தெரியணும். முழுக்கப் புதைத்து, ஐப்பசி மழையில் இரண்டை அழுகவிட்டவன் நான். பூத்தபின் இலையை வெட்டாதீர்கள், அடுத்த ஆண்டுப் பூவுக்கு அதுதான் சோறு. கிழங்கு நச்சு, வெங்காயக் கூடை பக்கம் வேண்டவே வேண்டாம்.