கரும்புத் தேரையின் கதை எனக்கும் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை நடந்த நேரலை உரையாடலைப் பார்த்தவர்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அயல்நிலங்களிலிருந்து வந்து பரவிய பூச்சிகளையும் களைகளையும் அவற்றின் இயற்கை எதிரிகளைக் கொண்டே அடக்குவதைப் பற்றி நான் பேசத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஆஸ்திரேலியாவில் கரும்புத் தேரையை விட்டார்களே, அது போதாதா?" என்று ஒருவர் கேட்டார். நான்கைந்து பேர் சிரித்தார்கள். நெறியாளர் அடுத்தவரிடம் போய்விட்டார். மூன்று நாள்களாகியும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டு அகலவில்லை.

தேரையின் கதை எனக்கும் தெரியும். கரும்பை அழித்த வண்டுகளை ஒழிக்கவென்று 1935-இல் ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்கு 102 தேரைகளைக் கொண்டுவந்து, அவை ஈன்றவற்றுள் ஏறத்தாழ 2,400 இளந்தேரைகளை அவ்வாண்டே திறந்துவிட்டார்கள். கரும்பின் வேரைத் தின்னும் புழு மண்ணுக்குள் இருந்தது, அதன் வண்டு உயரத்தில் தோகையில் இருந்தது, தேரையோ தரையில் அகப்பட்டதையெல்லாம் விழுங்கிப் பெருகியது. அதன் நஞ்சுக்கு அங்கிருந்த உடும்புகளும் பாம்புகளும் பலியாயின. இதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால், ஒன்றை மட்டுமே தின்று வாழும் உயிரைத் தேடிப் பிடித்துச் சோதித்து விடுவது வேறு. எதையும் தின்னும் ஒன்றை அவசரத்தில் அவிழ்த்துவிடுவது வேறு. நான் அன்று பேச வந்தது முதலாவதைப் பற்றி.

சோதனை என்றால் என்ன என்பதையாவது கேட்டிருக்கலாம். ஒரு களைக்கு எதிரியாகக் கருதப்படும் பூச்சியைத் தனிமைக் கூடத்தில் அடைத்து, அந்தக் களையின் நெருங்கிய உறவுச் செடிகளையும் பயிர்களையும் ஒவ்வொன்றாக அதன் முன் வைக்கிறார்கள். வேறு உணவே கொடுக்காமலும் பார்க்கிறார்கள். பட்டினி கிடந்து செத்தாலும் மற்றச் செடியில் முட்டையிட்டு வளராத பூச்சிதான் தேறும். இதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், பல பூச்சிகள் இந்தக் கட்டத்திலேயே கைவிடப்படும்.

சால்வீனியா என்னும் நீர்க்களையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வேறொரு இனமென்று தவறாக எண்ணியிருந்த காலத்தில், அந்த இனத்தின் மேல் கிடைத்த கூன்வண்டைக் கொண்டுபோய் விட்டார்கள், பயனில்லை. களையின் உண்மையான தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்று கண்டறிந்த பிறகு, அங்கிருந்து வந்த கூன்வண்டை 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரியைப் பாய்போல மூடியிருந்த களை அழிந்தது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வண்டுகளில் ஒன்று தோற்றது, மற்றொன்று வென்றது. இவ்வளவு நுணுக்கமான வேலையைத் தேரையோடு சேர்த்துக் கட்டித் தூக்கிப் போடுவது எனக்கு வலிக்கிறது.

என்னை இவ்வளவு வலிக்கவைப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. சிறுவயதில் எங்கள் செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அவற்றின் நடுவே, உடலெங்கும் வெள்ளை மெழுகு இழைகளோடு சற்றுப் பெரிதாக ஊர்ந்தவற்றைத் தாய்ப்பூச்சிகள் என்று நினைத்து, ஒரு வாரம் தேடித் தேடி விரலால் நசுக்கினேன். அவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள் என்பது பல ஆண்டுகள் கழித்து ஒரு படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் செடி பிழைக்கவில்லை. ஆகவே, அறியாமல் அஞ்சுகிறவர்களை நான் இழிவாக நினைப்பவன் அல்லன். அறிந்துகொள்ள மறுத்துச் சிரிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சோதித்து விட்டவையும் தவறியிருக்கின்றனவே" என்று சிலர் எழுதுவீர்கள். ஆம். ஆஸ்திரேலியாவில் கோடிக்கணக்கான ஏக்கர் சப்பாத்திக்கள்ளியை அழித்த அதே அந்துப்பூச்சி, பின்னாளில் கரீபியத் தீவுகளில் விடப்பட்டு, 1989-இல் ஃபுளோரிடாவில் காணப்பட்டது. அங்குள்ள இயல்கள்ளிகளுக்கு அது ஆபத்தாகியிருக்கிறது. ஆனால் கள்ளியே அயலாக இருந்த நாட்டில் சரியாக இருந்த முடிவை, உறவுக்கள்ளிகள் இயல்பாக வளரும் கண்டத்தின் வாசலில் எடுத்ததுதான் அந்தத் தவறு. பசிபிக் தீவுகளின் நத்தைகளைக் கொன்ற வேட்டை நத்தையும் தேரையைப் போன்றதே: இரையைத் தேர்ந்தெடுத்துத் தின்னாதது. "களை தீர்ந்ததும் பூச்சி பயிருக்கு வருமே" என்ற கேள்விக்கு நான் நேரம் செலவிடப் போவதில்லை. தேறிய பூச்சி பயிரில் வளராது என்பதற்காகத்தான் அத்தனை ஆண்டுச் சோதனையும்.

எனக்குப் புரியாதது இதுதான். எதிரிப்பூச்சியிடம் கேட்கும் கேள்விகளை யாரும் தெளிப்பானிடம் கேட்பதில்லை. பூச்சிக்கொல்லி பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் சேர்த்துக் கொல்கிறது, அடுத்த பருவத்தில் மறுபடியும் தெளிக்கச் சொல்கிறது, அதை யாரும் தேரை என்று அழைப்பதில்லை. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து மரவள்ளியைச் சூறையாடிய மாவுப்பூச்சியை, பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1981 முதல் விடப்பட்ட ஒரு சிறு குளவி அடக்கியது. அதற்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் குளவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்? வராமல் போன பஞ்சத்தை யாரும் படம் எடுப்பதில்லை, தேரையை எல்லோரும் எடுக்கிறார்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்றைச் சொல்ல விரும்பினேன். தேரைகளை விடக்கூடாது என்று 1935-இலேயே எதிர்த்தவர் வால்டர் ஃப்ராகட். அவர் ஒரு பூச்சியியலாளர். அவரது எதிர்ப்புக்குப் பின் விடுவிப்பு சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. பிறகு தடை நீக்கப்பட்டது. இதைச் சொல்ல எனக்கு அன்று அரை நிமிடம் தேவைப்பட்டது.