பாயோடு ஒட்டவைப்பவர்களும் பொம்மைக்கு ஊசி குத்துபவர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் ரோல்ஸ் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "தங்கச்சி, உங்கள் வேலைத்தலத்தில் ஹைட்டிக்காரர்தானே அதிகம்? கவனமாக இருங்கள். ஏதும் மனஸ்தாபம் வந்தால் வூடூ பொம்மை செய்து ஊசி குத்திவிடுவார்கள்" என்றார் உறவுக்கார அண்ணன் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மட்டக்களப்பில் பிறக்காமல் இருந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிதில் ஊர் எது என்று கேட்பவர்களிடம் மட்டக்களப்புப் படுவான்கரை என்று சொன்னால் பாதிப் பேர் ஒரு அடி பின்னால் நகர்வார்கள். "ஐயோ, நீங்கள் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைக்கிற ஆட்கள் அல்லவா?" யாழ்ப்பாணத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம், வேடிக்கையாகத்தான் கேட்டார்கள், எனக்கும் தெரியும். விருந்தாளியை எழும்பவிடாமல் உபசரிப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சமாளிப்பார்கள். ஆனால் கண்ணகி அம்மன் சடங்கில் உருவேறி ஆடிய என் அம்மம்மாவை, ஒரு செய்வினையும் அறியாத அந்த மனுஷியை, ஒருவர் "மந்திரக்காரி" என்று வாய்கூசாமல் சொன்னது பத்து வயதில் என் காதில் விழுந்தது. அது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஆகவே இந்தப் பதிவு நீளமாகத்தான் இருக்கும்.

ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஆறு வருடமாக எனக்கு அடுத்த மேசையில் நிற்பவர் கரிபியன் கடலிலுள்ள ஹைட்டி நாட்டு அக்கா ஒருவர். பழகி ஒரு வருடம் ஆன பிறகு, துணிந்து, "நீங்கள் வூடூ மதமா?" என்று கேட்டேன். கரட் வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. "நான் கத்தோலிக்கர். லுவாக்களுக்கும் பணி செய்கிறேன்" என்றார். லுவாக்கள் என்றால் அவர்கள் கும்பிடும் தெய்வ ஆவிகள். வூடூ என்ற பெயரின் மூலமான 'வோதூன்' என்பது மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய பெனின் நாட்டில், ஃபொன் மொழி பேசுவோர் தெய்வத்துக்கு வைத்திருக்கும் சொல். அதைச் சூனியத்துக்கான பெயராக்கியது வெளியார் கைங்கரியம். ஹைட்டியில் இந்த வழிபாட்டில் இருப்பவர்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அந்த அக்கா சொன்னபடிதான் சொல்வார்கள்: லுவாக்களுக்குப் பணி செய்கிறோம்.

படைத்தவர் ஒருவரே. பெயர் போந்யே, 'நல்ல கடவுள்' என்னும் பிரெஞ்சுச் சொல் ஹைட்டியரின் கிரியோல் மொழியில் எடுத்த வடிவம். அவர் வெகு தொலைவில் இருப்பவர். அன்றாடக் கஷ்டங்களுக்கு அவரைத் தொந்தரவு செய்ய முடியாது. அதற்குத்தான் லுவாக்கள். எந்தச் சடங்கிலும் முதலில் கும்பிட வேண்டியவர் பப்பா லெக்பா, ஊன்றுகோல் பிடித்த கிழவர், வாசல் காவல்காரர். அவர் வழிவிட்டால்தான் மற்றவர்கள் வருவார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பிள்ளையார் ஞாபகம் வந்ததில் என் குற்றம் எதுவும் இல்லை. தம்பாலா நாக வடிவினர். வெள்ளைதான் அவருக்குப் பிடித்த நிறம், முட்டைதான் படையல். ஒகூ இரும்புக்கும் போருக்கும் உரியவர். பூசகர் ஆணென்றால் உங்கான், பெண்ணென்றால் மம்போ. இருவருக்கும் ஒரே தகுதி. அதை அக்கா சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். நம் கோயில்களில் மூலஸ்தானத்துக்குள் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

அக்கா வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு மாதா படம் இருக்கிறது. கறுத்த முகம், கையில் குழந்தை, வலக் கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்புகள். படத்தில் இருப்பவர் போலந்து நாட்டின் செஸ்டொகோவா மாதா. அக்காவுக்கோ அவர் எசிலி தாந்தோர், பிள்ளைகளைக் காக்கும் உக்கிரமான தாய். போலந்து மாதா ஹைட்டிக்கு எப்படிப் போனார்? 1802இல் அந்தத் தீவின் கறுப்பினப் புரட்சியை அடக்க நெப்போலியன் அனுப்பிய படையில் போலந்து வீரர்களும் இருந்தார்கள். சிலர் கட்சி மாறி அடிமைகளின் பக்கம் சேர்ந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மாதாவே அங்கே தங்கிவிட்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1805ஆம் ஆண்டின் ஹைட்டி அரசியல் சட்டம் போலந்துக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்கியது கதையல்ல, பதிவில் இருப்பது.

இந்த மாதா விஷயத்தை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. பிரெஞ்சு அரசன் 1685இல் போட்ட 'கறுப்புச் சட்டம்' அடிமைகள் எல்லோருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றது. சாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாமியை மாற்றச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? திறப்புக் கொத்து வைத்திருக்கும் இராயப்பரைப் பார்த்து 'இவர் நம் வாசல் காவல்காரர்' என்றார்கள். காலடியில் பாம்புகளோடு நிற்கும் புனித பற்றிக்கில் தம்பாலாவைக் கண்டார்கள். ஒளித்து வைக்கத் தொடங்கியது காலப்போக்கில் உண்மையான பக்தியாகவே ஆகிவிட்டது. சைவ வீட்டில் பிறந்த நான், இந்த ஊர்ச் சூசையப்பர் பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு அதே பஸ்ஸில் முருகன் கோயிலுக்குப் போகிறேன். எனக்கு இது புரியாதா?

போன நவம்பர் 2ஆம் தேதி அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கத்தோலிக்கருக்கு அன்று மரித்தோர் தினம், ஹைட்டியருக்கு கெதேக்களின் திருநாள். கெதேக்கள் இறந்தோர் கூட்டத்து லுவாக்கள். அவர்களின் தலைவர் பாரோன் சம்தி, ஹாலிவுட் படங்களில் மண்டையோட்டு முகத்தோடு பயமுறுத்த வரும் அதே பாரோன். ஊதா விரிப்புப் போட்ட மேசையில் கறுப்புக் கோப்பி, பாண், வறுத்த கச்சான், செத்துப்போன தகப்பனின் மங்கிய புகைப்படம், ஒரு போத்தல் வெள்ளைக் கரும்புச் சாராயம். போத்தலுக்குள் பாதிக்கு மேல் கொச்சிக்காய். உயிரோடு இருப்பவர் தொண்டைக்குள் அது இறங்காது. கெதே வந்தவர்கள் தண்ணீர் போலக் குடிப்பார்களாம், அப்படித்தான் உண்மையான கெதேயை அடையாளம் காண்பார்களாம். அக்கா ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து நிலத்தில் மூன்று முறை ஊற்றினார். பிறகு தகப்பனோடு கொஞ்ச நேரம் கிரியோலில் பேசினார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். கெதேக்கள் கெட்ட பகிடி விடுகிற லுவாக்கள், அன்றைக்கு அழுவதைவிடச் சிரிப்பது அதிகம் என்று பிறகு சொன்னார். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் பிடிக்கிற எனக்கு அந்தச் சிரிப்பில் மட்டும் கொஞ்சம் பொறாமை.

லுவா ஒருவர்மேல் இறங்குவதை அங்கே 'ஏறுவது' என்கிறார்கள். உருவேறியவர் குதிரை, லுவா அதன்மேல் சவாரி செய்பவர். லுவா விட்டுப் போன பிறகு குதிரைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மேளமும் பாட்டும் அதற்காகவே. நடுத்தூணைச் சுற்றிச் சோளமாவால் வேவே என்ற கோலம் போடுவார்கள். ஒவ்வொரு லுவாவுக்கும் தனிக் கோலம். ஆடும் கால்கள் அதை அழித்துவிட வேண்டும், அதுதான் முறை. கோழியும் ஆடும் பலியிடுவார்கள், உண்மைதான். பிறகு சமைத்து எல்லோருக்கும் பரிமாறுவார்கள். வேள்வி இறைச்சியில் பங்கு வாங்கியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

அந்தப் பொம்மை? எதிரிக்கு உருவம் செய்து குத்துவது ஐரோப்பியச் சூனியக் கதைகளில் பழையது. அதை வூடூவோடு முடிந்துவிட்டவை கதைப் புத்தகங்களும் சினிமாவும் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சுற்றுலாக் கடைகளும். ஹைட்டி அக்கா முதன்முதலில் அப்படி ஒரு பொம்மையைப் பார்த்தது கனடா வந்த பிறகு, ஹாலோவீன் சாமான் விற்கும் கடையில்.

ஸோம்பி விஷயம் வேறு. அது ஹைட்டியில் பிறந்ததுதான். ஆனால் சினிமா அதைத் தலைகீழாக்கிவிட்டது. நாம் ஸோம்பி கடிக்க வருமே என்று பயப்படுகிறோம். ஹைட்டியர் பயந்தது தானே ஸோம்பி ஆகிவிடுவேனோ என்று. கரும்புத் தோட்டத்தில் சாகும்வரை அடிபட்டவனுக்கு ஒரே ஆறுதல், செத்தால் உயிர் கடலுக்கு அடியிலுள்ள கினென் என்ற மூதாதையர் நாட்டுக்குப் போய்ச் சேரும் என்பது. ஸோம்பிக்கு அதுவும் இல்லை. செத்த பிறகும் எழுப்பி, யோசிக்க விடாமல் வேலை வாங்குவார்கள். உப்பில்லாத சாப்பாடுதான் கொடுப்பார்களாம். ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் போதும், தான் செத்தவன் என்பது தெளிந்து கல்லறையைத் தேடித் திரும்பிப் போய்விடுமாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஸோம்பி படம் பார்க்க மனம் வருவதில்லை. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. கிராமத்து மக்களைக் கட்டாயக் கூலிகளாக்கி வீதி போடவைத்தது, கோயில் மேளங்களைப் பறித்தது. ஹாலிவுட்டின் முதல் முழுநீள ஸோம்பி படம் வெளிவந்த ஆண்டு 1932.

இவ்வளவு வெறுப்பு ஏன் என்று யோசித்தால் 1791 ஆகஸ்டுக்குப் போக வேண்டும். பிரான்சின் மிகப் பணக்காரக் காலனியான சன் தொமேங்கில், இன்றைய ஹைட்டியில், சுமார் 5 இலட்சம் அடிமைகள் இருந்த மண்ணில், புவா கைமான் என்ற காட்டில் ஒரு இரவு புக்மன் என்பவர் தலைமையில் சடங்கு நடந்தது. கறுப்புப் பன்றி பலியிட்டுச் சத்தியம் செய்தார்கள் என்பது மரபு. சில நாட்களில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் பற்றி எரிந்தன. 1804 ஜனவரி 1இல் ஹைட்டி சுதந்திர நாடு. அடிமைகளே எழுந்து அமைத்த நாடு உலகில் அது ஒன்றுதான். அந்த இரவைப் பற்றி 1814இல் அச்சில் வந்த முதல் குறிப்பை எழுதியவர்கூட ஒரு பிரெஞ்சுக் காலனிக்காரர். தோற்றவன் எழுதிய கதையில் வென்றவனின் சாமி பிசாசாகாமல் வேறு என்னவாகும்?

2010 ஜனவரியில் நிலநடுக்கம் ஹைட்டியின் தலைநகர் போர்த்தோ பிரின்ஸைத் தரைமட்டமாக்கிய மறுநாளே, பேற் றொபேட்சன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஹைட்டியர் அன்று பிசாசோடு ஒப்பந்தம் செய்ததை நினைவூட்டினார். பிசாசோடு செய்ததற்குப் பத்திரம் ஏதும் இல்லை. பிரான்சோடு செய்ததற்கு இருக்கிறது. 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டார்கள். பின்னர் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதற்காக வாங்கிய கடன்கள் தீர 1947 ஆனது. போதகர் இதை மறந்துவிட்டார்.

நிலநடுக்கம் வந்த அதே 2010 கடைசியில் கொலரா பரவியது. வூடூப் பூசகர்கள் பொடி தூவிப் பரப்புகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, குறைந்தது 45 பேரைக் கும்பல்கள் அடித்தும் வெட்டியும் கொன்றன. கொலராவைக் கொண்டுவந்தது ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்தது. தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 ஆனது. 2024 டிசம்பரில், தலைநகரின் சித்தே சொலேய் சேரியில், தன் பிள்ளையின் நோய்க்கு யாரோ வைத்த சூனியமே காரணம் என்று நம்பிய ஆயுதக் கும்பல் தலைவன் வயதான வூடூ பக்தர்களைத் தேடித் தேடிக் கொல்லவைத்தான். ஐ.நா. கணக்கில் 207 பேர். பெரும்பாலும் முதியவர்கள். அந்த வாரம் அக்கா வேலைக்கு வந்தார், வெங்காயம் வெட்டினார், ஒருவரோடும் பேசவில்லை.

எல்லாம் புனிதம் என்றும் நான் சொல்லவரவில்லை. காசு வாங்கிக் கெடுதல் செய்கிற, பொகோர் எனப்படும் மந்திரவாதிகள் அங்கே உண்டு, அவர்களுக்கு மக்கள் பயப்படுகிறார்கள். ஹைட்டியின் பழைய குற்றவியல் சட்டத்திலேயே, ஒருவரை மருந்தால் செத்தவர்போலாக்கிப் புதைத்தால் பின்னர் என்ன நடந்தாலும் அது கொலையே என்று ஒரு பிரிவு இருந்தது. சர்வாதிகாரி ஃபிரான்சுவா துவாலியே பாரோன் சம்தியைப் போலக் கறுப்பு உடையும் தொப்பியுமாகத் திரிந்து இந்தப் பயத்தை வைத்தே ஆட்சி நடத்தினார். 1941இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு கோயில்களை இடித்து மேளங்களை எரித்தது. 2003இல்தான் வூடூ முறைக் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. கெடுதல் செய்யும் ஆள் எந்தச் சமயத்தில்தான் இல்லை? ஆனால் செய்வினைக்காரன் ஒருவனைக் காட்டி 'இதுதான் சைவம்' என்று யாரும் நமக்குச் சொன்னால் விடுவோமா?

சொன்னார்கள், அதுதான் விசேஷம். அதே கரிபியன் கடலின் தீவுகளான மார்த்தினிக்குக்கு 1853 முதலும் குவாதலூப்புக்கு அடுத்த ஆண்டு முதலும் பிரெஞ்சுக்காரர் கரும்பு வெட்டத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கொண்டுபோனார்கள். தப்பு அடித்து, ஆடு வெட்டி, உருவேறிக் கத்திமேல் நின்று வாக்குச் சொன்னார்கள். மார்த்தினிக்கில் அந்தச் சடங்குக்குக் கிரியோலில் 'போந்யே கூலி' என்று பெயர், கூலிகளின் கடவுள். பாதிரிமார் அதைப் பிசாசு வழிபாடு என்றார்கள். அதே கரும்பு, அதே போந்யே, அதே வசை.

ரோல்ஸ் ஆறிப்போகும் அளவுக்கு இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். எங்கள் ஊரில் பகலில் பகிடி விடுபவர்கள் பொழுதுபட்டதும் மந்திரக்காரர் வீட்டுப் படலையில் நூல் கட்ட வந்து நிற்பார்கள் என்று அம்மம்மா சொல்வது நினைவுக்கு வரும்படி, காரில் ஏறும் நேரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகன் எட்டு மாதமாக வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறானாம். "அந்த மனுஷிக்கு அப்படி ஏதும் செய்யத் தெரியுமா? செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

திங்கட்கிழமை அக்காவிடம் கேட்டேவிட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வாசல் திறக்க லெக்பாவிடம் நான் சும்மாவே கேட்கிறேன், காசு வேண்டாம். ஆனால் பொடியன் காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறான் என்று முதலில் கேட்டுச் சொல்."