புறா காலுல கட்டின இன்டர்நெட்

இன்டர்நெட்ல இதுவரைக்கும் வந்த காமெடியிலயே எது பெஸ்ட்டுன்னு என்னைக் கேட்டா மீமையோ ரீல்ஸையோ சொல்லமாட்டேன், 1990 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த ஒரு டெக்னிக்கல் டாக்குமெண்ட்டத்தான் சொல்லுவேன். ஆர்எஃப்சி 1149னு பேரு. டேவிட் வைட்ஸ்மேன்னு ஒருத்தர் எழுதினது. இந்த ஆர்எஃப்சின்றது இன்டர்நெட் எப்படி ஓடணும்னு அதைக் கட்டினவங்க எழுதி வச்ச வரிசை, 1969லேர்ந்து வந்துட்டு இருக்கு, நாம அனுப்புற மெயிலு, பாக்குற வெப்சைட்டு எல்லாத்துக்கும் அடிப்படை அதுலதான் இருக்குது. அதே வரிசையில, அதே ஃபார்மட்ல, துளி கூட சிரிக்காம, டேட்டாவ பறவை மூலமா அனுப்புறது எப்படின்னு அந்த மனுஷன் எழுதி வச்சிருக்காரு.

ஜாலிக்கு ரெண்டு வரி கிறுக்கிட்டுப் போகல. டேட்டா பாக்கெட்ட (நெட்ல டேட்டா துண்டு துண்டாத்தான் போகும், அதுல ஒரு துண்டு) சின்ன காகிதச் சுருள்ல பிரிண்ட் பண்ணணும், பறவையோட ஒரு காலுல சுத்தணும், ஓரத்த டேப் போட்டு ஒட்டணும், போய்ச் சேந்ததும் பிரிச்சு ஸ்கேன் பண்ணணும்னு ஸ்டெப் ஸ்டெப்பா இருக்குது. ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்பலாம்னு எல்லா நெட்வொர்க்குக்கும் ஒரு அளவு உண்டு இல்லையா, இதுல அந்த அளவு 256 மில்லிகிராம்னு போட்டிருக்காரு, டேட்டாவ கிராம் கணக்குல! பறவைங்க ஒண்ணோட ஒண்ணு மோதாம தானே விலகிக்கும், புழு இருந்தா அதுவே கண்டுபிடிச்சு தின்னுடும்னு வேற எழுதியிருக்காரு. கம்ப்யூட்டர்ல புழுன்னா என்னன்னு தெரிஞ்சவங்க அந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிப்பாங்க, தெரியாதவங்க கூகுள் பண்ணித் தெரிஞ்சிப்பாங்க, எப்படிப் பாத்தாலும் லாபம்தான்.

இதோட நிக்கல, 2001 ஏப்ரல் 28ல நார்வே நாட்டு பெர்கன் ஊர்ல லினக்ஸ்ன்ற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்தோட ஆர்வலர்கள் கொஞ்ச பேரு நிஜமாவே புறாவ வச்சு இதைச் செஞ்சு காட்டிட்டாங்க. இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், நடுவுல புறா. 9 பாக்கெட் அனுப்பினதுல 4க்குத்தான் பதில் வந்துச்சு. சீக்கிரமா வந்த பதிலுக்கு சுமார் 53 நிமிஷம், கடைசியா வந்ததுக்கு 1 மணி 46 நிமிஷம். நம்ம வீட்டு நெட்ல பிங் அடிச்சா, அதாவது பதில் வருதான்னு பாக்க ஒரு சின்ன பாக்கெட் அனுப்பினா, மில்லி செகண்டுல வர்றது அங்க மணிக்கணக்குல வருது, ஆனா வந்துச்சு பாருங்க, அதுதான் விஷயம். கம்பியோ கண்ணாடி இழையோ காத்தோ பறவையோ, எது மேல வேணா போகலாம்ன்ற மாதிரி இன்டர்நெட்ட டிசைன் பண்ணியிருக்காங்க, அது எவ்வளவு பெரிய யோசனைன்னு எந்தப் பாடப்புத்தகத்தைப் படிச்சும் எனக்கு உறைக்கல, இந்தப் புறாவப் பத்திப் படிச்சப்பதான் உறைச்சுது.

இங்க கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்துல எங்க சித்தப்பா மொட்டை மாடியில ரொம்ப வருஷமா ஹோமர் புறா வளக்கிறாரு, தூரத்துல கொண்டு போய் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வர்ற வகை. காலையில கம்பும் சோளமும் பச்சப்பயறும் கலந்து தட்டுல போட்டு விசில் அடிப்பாரு, மாடி முழுக்க றெக்கை சத்தமா இருக்கும். ஒரு நாள் போன்ல இருந்த மெமரி கார்டக் கழட்டி அவர் கையில வச்சேன். அந்த மைக்ரோ எஸ்டி கார்டு சுமார் கால் கிராம்தான், அதாவது 1990ல வைட்ஸ்மேன் விளையாட்டா போட்ட 256 மில்லிகிராமுக்கு கிட்டத்தட்ட சரியா இருக்குது, இதைக் கணக்குப் போட்டுப் பாத்தப்ப எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு. சித்தப்பா அதை நகத்து நுனியில வச்சுப் பாத்துட்டு "இதெல்லாம் ஒரு வெயிட்டாப்பா, காலுல போடுற வளையமே இதை விட கனமா இருக்கும்"னாரு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, "ஆனா மலைப்பக்கம் வல்லூறு அடிச்சிடுச்சின்னா என்ன பண்ணுவ? ஒரே சமாச்சாரத்த ரெண்டு கார்டுல போட்டு ரெண்டு புறாவுல கட்டி விடு, ஒண்ணாச்சும் வந்து சேரும்"னாரு. பாக்கெட் லாஸ், அதுக்கு பேக்கப், ரெண்டையும் அவரு ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. நெட்வொர்க்கிங் படிச்சவங்க ஒரு செமஸ்டர் முழுக்க படிக்கிற விஷயம் இது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஓசூர்லேர்ந்து காவேரிப்பட்டணம் சுமார் 60 கிலோமீட்டர், நல்ல ஹோமருக்கு ஒரு மணி நேரம்னு வச்சுக்குவோம். 1 டிபி (1000 ஜிபி) கார்டு ஒண்ண கட்டி விட்டா ஒரு மணி நேரத்துல 1 டிபி வந்து சேருது, நொடிக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேல! அதே 1 டிபிய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர்ல இறக்கினா 22 மணி நேரத்துக்கு மேல ஆவும். கார்டுல காப்பி பண்ற நேரம் தனியா சில மணி ஆவும்தான், அதையும் சேத்தாலும் புறாதான் ஜெயிக்குது. ஆனா அந்தப் புறாவ வச்சு வீடியோ கால் பேச முடியாது, ஹலோன்னு சொன்னா பதில் சாயங்காலம்தான் வரும். நெட் ஸ்பீடு ஸ்பீடுன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது ரெண்டு வேற வேற விஷயம்ங்க. கிருஷ்ணகிரி டோல்கேட்ட தாண்டுற லாரி டன் கணக்குல மாங்கா ஏத்திட்டுப் போவுது, பைக் ஒரு கூடைதான் ஆனா முன்னாடி போயிடும், ஒரு நேரத்துல எவ்வளவு போகும்ன்றது பேண்ட்வித், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆவும்ன்றது லேட்டன்சி, அவ்வளவுதான்.

சும்மா கற்பனைன்னு நினைக்காதீங்க. 2009ல தென்னாப்பிரிக்காவுல வின்ஸ்டன்னு ஒரு புறா 4 ஜிபி மெமரி ஸ்டிக்க சுமந்துட்டு ஹோவிக்லேர்ந்து டர்பனுக்குப் பறந்துச்சு. பறந்த நேரம், டேட்டாவ கம்ப்யூட்டர்ல ஏத்தின நேரம் எல்லாம் சேத்து 2 மணி 7 நிமிஷத்துக்குள்ள வேலை முடிஞ்சிடுச்சு, அந்த நேரத்துல அங்க இருந்த ஏடிஎஸ்எல் லைன்ல (டெலிபோன் கம்பி வழியா வர்ற நெட்) 4 சதவீதம்தான் போயிருந்துச்சு. 2019ல முதல் தடவையா கருந்துளை படம் வெளியிட்டாங்களே, அந்த டேட்டாவும் நெட்ல போகல, ஹார்ட் டிஸ்க்கா பிளேன்லதான் போச்சு, தென் துருவத்துல இருந்த டெலஸ்கோப்போட டிஸ்க்குக்காக அங்க குளிர்காலம் முடியிற வரைக்கும் காத்துட்டு இருந்தாங்க.

நம்ம நாட்டுலயும் ஒடிசா போலீஸ் 1946லேர்ந்து புறா தபால் வச்சிருந்தாங்க, ராணுவம் குடுத்த 200 புறாவோட கோராபுட் மலைப்பகுதியில ஆரம்பிச்சது, 1999 சூப்பர் சைக்ளோன்ல மத்த தொடர்பெல்லாம் அறுந்து போனப்ப அந்தப் புறாங்கதான் சேதி கொண்டு போச்சு. அஞ்செட்டி காட்டுப்பக்கம், சித்தேரி மலைப்பக்கம் போயிருக்கிறவங்களுக்கு இதோட அருமை தெரியும், லாக்டவுன்ல ஆன்லைன் கிளாஸுக்காக பாறை மேல ஏறி டவர் தேடின பசங்க நம்ம பக்கமும் உண்டு.

நான் இதை ஏன் இவ்வளவு பிடிச்சுப் பேசுறேன்னா, இப்ப ஃபோன்ல வர்ற காமெடியில பாதி யாரையாச்சும் அடிக்கிறது. நிறம், உடம்பு, இங்கிலீஷ் உச்சரிப்பு, எங்க தர்மபுரி பக்கத்துப் பேச்சு, எதையாச்சும் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க, அடுத்த நாளு அது மறந்தும் போயிடுது, அடி வாங்கினவனுக்கு மட்டும் மறக்கிறதில்ல. புறா டாக்குமெண்ட் 1990லேர்ந்து இன்னும் உயிரோட இருக்குது, யாரையும் காயப்படுத்தல, 1999ல ஒரு தடவை 2011ல ஒரு தடவை அப்டேட் கூட பண்ணாங்க. அதே மாதிரி 1998ல லாரி மாசின்டர் காபி மெஷினுக்கு ஒரு புரோட்டோகால் (மெஷினுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற விதிமுறை) எழுதினாரு, டீ பாத்திரத்துக்கிட்ட காபி கேட்டா 418னு எரர் அனுப்பி நான் டீ பாத்திரம்ங்கன்னு சொல்லணுமாம். 2017ல அந்த 418 நம்பர சாஃப்ட்வேர்லேர்ந்து எடுத்துடலாம்னு பேச்சு வந்தப்ப 15 வயசுப் பையன் ஒருத்தன் எடுக்கக்கூடாதுன்னு வெப்சைட் போட்டுப் போராடினான், கடைசியில அந்த நம்பர வேற எதுக்கும் குடுக்காம விட்டுட்டாங்க. ஒரு ஜோக்கக் காப்பாத்த ஒரு ஸ்கூல் பையன் நிக்கிறான்னா அதுக்குள்ள எவ்வளவு அன்பு இருக்கணும்!

நம்ம கவர்மெண்ட் ஸ்கூல் ஹைடெக் லேப்ல பசங்களுக்கு நெட்வொர்க் சொல்லிக் குடுக்கிற டீச்சருங்க முதல் கிளாஸ புறாவுலேர்ந்து ஆரம்பிங்கன்னு மனசாரக் கேட்டுக்கிறேன். ஐபி அட்ரஸ்னு போர்டுல எழுதினா பையன் ஜன்னலுக்கு வெளிய பாக்கிறான், புறா வழியில செத்துட்டா டேட்டா என்ன ஆவும்னு கேளுங்க, கடைசி பெஞ்சுலேர்ந்து கை தூக்குவான்.

பொங்கலுக்கு அப்புறம் வானம் தெளிவா இருக்கிறப்ப இதைச் செஞ்சே பாத்துடலாம்னு சித்தப்பாகிட்ட பேசி வச்சிருக்கேன், சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு பக்கத்து ஸ்கூல் பசங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு சிக்கல், ஹோமர் தன் கூண்டுக்கு மட்டும்தான் திரும்பும். எங்க புறாவ பஸ்ல ஓசூர் கொண்டு போய் விட்டா காவேரிப்பட்டணம் வந்துடும், ஆனா பதில் பாக்கெட் இங்கேர்ந்து ஓசூர் போகணும்னா அங்க வளந்த புறா வேணும். ஓசூர், சூளகிரி பக்கம் ஹோமர் வளக்கிறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணா, நாலு புறா போதும், தீனியும் கூண்டு எடுத்துட்டு வர்ற செலவும் எங்க பொறுப்பு.